மவுண்ட் ரோட்டில் அண்ணா சிலை

சென்னையில் அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் சந்திக்கும் இடத்துக்கு முன்பு ரவுண்டானா என்று பெயர். சி. என். அண்ணாதுரையின் வெண்கலச் சிலை அங்கேதான் சுட்டுவிரல் உயர்த்தி நிற்கிறது. 1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, நீதிக்கட்சியின் மூத்த தலைவர் ஏ. இராமசாமி முதலியார் அதைத் திறந்துவைத்தார். செலவை ஏற்றவர் எம்.ஜி.ஆர். அண்ணா முதலமைச்சராகி அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

அந்தச் சாலையில் யாருக்குச் சிலை என்ற கேள்வி அதற்கு முன்பே போராட்டமாகியிருந்தது. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜெனரல் நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. நீல் சிலைப் போராட்டத்தில் பங்குகொண்ட காமராசருக்கே 1961 அக்டோபர் 9-இல் அதே சாலையில் நேரு சிலை திறந்தார். வாழும் தலைவருக்குச் சிலை வைப்பது அதனால் அண்ணாவுக்கு முன்பே பழகிய வழக்கம்.

அண்ணா 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளையார்பாளையத்தின் பட்டுத்தறிகள் ஓடும் அதே ஊரில் நகராட்சி எழுத்தராகச் சிறிது காலம் வேலை பார்த்தார். பச்சையப்பன் கல்லூரியில் வரலாறும் பொருளியலும் அரசியலும் படித்தார். 1942-இல் காஞ்சியிலிருந்தே 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். நெசவாளர் துயரம் அவருக்கு வீட்டுச் செய்தி. 1953-இல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது, திருச்சித் தெருக்களில் அதைத் தோளில் சுமந்து விற்றார். திராவிடத் தனிநாட்டுக் கோரிக்கையை 1963-இல் கைவிட்ட பின் மாநில சுயாட்சியே அவர் சிந்தனையின் மையமாயிற்று. இறப்பதற்குச் சில நாள் முன்பு, 1969 பொங்கலையொட்டி, 'தம்பி' என்று விளித்துத் தொண்டர்களுக்கு எழுதிய கடைசி மடலிலும் அதையே விளக்கினார்.

அதே சாலையில் தீவுத்திடலருகே ஆங்கிலேய ஆளுநர் மன்றோ சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். அண்ணாவுக்குக் குதிரையுமில்லை, வாளுமில்லை. மேடையில் பேசும் நிலையிலேயே வார்க்கப்பட்டார். இதுவே சிலையின் சிறப்பு: ஆண்டவர்களின் சின்னங்கள் நின்ற சாலையில், எழுத்தாலும் பேச்சாலும் ஆட்சிக்கு வந்தவர் எந்த ஆடம்பரமும் இன்றி இடம்பெற்றார்.

1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாயிற்று. காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாயிற்று. விரல் உயர்த்திய தோற்றம் ஊருக்கு ஊர் சிமெண்டிலும் வெண்கலத்திலும் பரவியது. சிலைக்குச் செலவிட்ட எம்.ஜி.ஆர். 1972-இல் திமுகவிலிருந்து பிரிந்து அதிமுக என்ற தனிக்கட்சி கண்டபோது அதன் பெயரிலும் கொடியிலும் அண்ணாவையே வைத்தார். அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று இரு கழகங்களும் அவர் சிலைக்கு மாலை அணிவிக்கின்றன.