கோட்டைக் கல்லும் கொடிக்கம்பமும்

பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் மலைக்குப் போகாத பழைய மாணவி நம்மில் எவரும் இருக்க முடியாது. சைவப் பிள்ளைகள் கும்பிடப் போனோம். வேதக்காரப் பிள்ளைகள் மான் பார்க்கவும் கடல் பார்க்கவும் கூடவே போனோம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே அந்தக் கோட்டை எழும்பியது என்பதைச் சமூகக்கல்விப் பாடத்தில் படித்த அன்று, பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "உங்கட ஆக்கள்தானே!" சொன்னவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். ஆனாலும் நாங்கள் யாருடைய ஆட்கள் என்ற கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விடவில்லை.

அது எங்களுக்கு மட்டும் வந்த கேள்வியல்ல. 1658இல் ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளையிட்டார்கள். கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கலின் ஆள் என்பது அவர்கள் கணக்கு. கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து, தமிழும் சிங்களமும் கற்று, மறைந்து மறைந்து பணிசெய்த யோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்குப் போனபோது, அங்கேயும் போர்த்துக்கேய ஒற்றர் என்றே சிறையில் அடைத்தார்கள். பின்னர் அந்தக் கண்டி அரசனே அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தவர் இவரே. இலங்கையின் முதற் புனிதர் ஒருகாலத்தில் ஒற்றர் என்று பிடிபட்டவர்!

ஆங்கிலேயர் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. துறைமுகத்தில் கொடி மாறியது. மிஷன் பாடசாலைகள் அப்படியே இருந்தன. சம்பளம் அரசினுடையது, முகாமை திருச்சபையினுடையது. தங்கள் பிள்ளைகள் வேறு சமயத்தாரின் முகாமையில் படிக்க நேர்ந்ததைப் பௌத்தர்களும் சைவர்களும் குறையாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த மலரில் அதை எழுத நாங்கள் தயங்கவில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமையை அரசிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்துக்களையும் கொடுத்தது. சைவப் பாடசாலைகளும் இதில் தப்பவில்லை. பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசிய பிறகே அது அடங்கியது. தங்கள் பாடசாலையைக் கேட்டவர்களை நாட்டுக்கு எதிரானவர்கள் என்றார்கள். அந்நாளில் எங்கள் மறைமாவட்ட ஆயர் கிளெனி அமெரிக்க யேசு சபைக் குருவானவர். அந்நியர் என்று சொல்ல அதுவும் வசதியாயிற்று.

1961 பெப்ரவரியில் இன்னொன்று தொடங்கியது. தனிச் சிங்களச் சட்டத்திற்கு எதிரான சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணத்திலிருந்து திருமலைக் கச்சேரி வாசலுக்கும் வந்தது. நம் அம்மம்மாமார் சிலர் அந்த வெயிலில் இருந்தவர்கள். சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து இருந்த அந்தப் போராட்டத்தின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் ஒரு புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். 1952 தேர்தலில் அவர் காங்கேசன்துறையில் தோற்றபோது அவருடைய சமயமும் மேடைகளில் பேசப்பட்டது. 1956 ஓகஸ்டில் இதே திருமலையில் கூடிய மாநாட்டில் அவருடைய கட்சி கேட்டது ஒரே நாட்டுக்குள் சமஷ்டி. கொழும்பு அதை நாட்டைப் பிரிப்பது என்று கேட்டுக்கொண்டது. அவருக்குச் சமயத்தாலும் சந்தேகம், மொழியாலும் சந்தேகம். எங்களுக்கும் அப்படியே.

1962 ஜனவரியில் கொழும்பில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளின் சதி முயற்சி பிடிபட்டது. அவர்களில் மிகப் பலர் கிறிஸ்தவர். வழக்கில் நின்றவர்கள் 24 பேர். பழி ஒரு சமூகத்தின் மேல். தண்டனை பெற்ற 11 பேரையும் 1965 டிசம்பரில் இலண்டன் பிரிவுக் கவுன்சில் விடுவித்தது. விடுதலைச் செய்தி சந்தேகத்தைப் போல வேகமாகப் பரவுவதில்லை. வைத்தியத்திலும் இதைப் பார்க்கிறோம்: "ஒன்றுமில்லை" என்ற பரிசோதனை முடிவை வீட்டார் இலேசில் நம்பமாட்டார்கள்.

இனி எங்கள் காலம். தொண்ணூறுகளில் மூன்று சோதனைச்சாவடி தாண்டிக் காலைக்கூட்டத்துக்கு வருவோம். பெப்ரவரி 4 அன்று புலவர் நல்லதம்பி மொழிபெயர்த்த தேசியகீதத்தைத் தமிழில் பாடுவோம். ஒரு வருடம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாய் திறக்காமல் நின்றாள். அவளுடைய அண்ணனைக் கொண்டுபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. சிஸ்டர் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. கீதம் முடிந்ததும் வழமைபோல நாட்டுக்காகச் செபித்தார். அதே மூச்சில் அந்த அண்ணனின் பெயரையும் சொன்னார். சைவப் பிள்ளைகளும் "ஆமென்" என்றோம். இராயனுக்கு உரியது எது, கடவுளுக்கு உரியது எது என்ற வேதாகமக் கேள்விக்கு நாங்கள் கேட்ட விளக்கங்களில் இன்றும் நினைவில் நிற்பது அதுதான்.

2016 பெப்ரவரி 4 அன்று, நெடுங்காலத்துக்குப் பின், அரச சுதந்திர தின விழாவில் தேசியகீதம் தமிழிலும் பாடப்பட்டது. எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ரொறன்ரோ, மெல்பேர்ண், இலண்டன் எல்லாம் விழித்திருந்தன. சிலர் அழுதோம், சிலர் "இப்ப மட்டும் என்ன?" என்று கோபித்தோம். 2020இல் அது மீண்டும் கைவிடப்பட்டபோது குழுவில் பேச்சே இல்லை. அன்று பாடாமல் நின்றவள் மட்டும், இரண்டு நாள் கழித்து, ஊரில் இருக்கும் எங்களிடம் ஒன்று கேட்டிருந்தாள்: "எங்கட கொடிக்கம்பம் இன்னும் அந்த வேப்பமரத்தடியிலதான் நிக்குதா?"

போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினோம்.