ஆப்பிரிக்கச் செய்திக் களஞ்சியங்களில் சொல் தேடல்

சங்க நூல்களுக்குச் சொல்லடைவு வகுத்தோர் பட்ட பாட்டைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஒரு சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்பதைத் தாள்துண்டுகளில் குறித்து, அகர நிரலில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கப்பட்டவை அவை. ஆப்பிரிக்கக் கண்டத்துச் செய்தித்தாள்களில் ஒரு பெரும்பகுதிக்கு இன்று கணிப்பொறியே அத்தகைய அடைவை நொடிப்பொழுதில் ஆக்கித் தருகின்றது. 1800 முதல் 1922 வரையிலான பழைய இதழ்கள் ஒரு களஞ்சியத்திலும், 1990களின் பிற்பகுதி முதல் வெளிவந்த செய்திகள் வேறொரு களஞ்சியத்திலும் சேர்க்கப்பட்டுள்ளன. சொல்லை இட்டால் அச்சொல் வரும் பக்கம் திரையில் வந்து நிற்கும். ஆயினும் அச்சொல் யாருடைய சொல் என்ற வினா தேடுவோரை விட்டு அகல்வதில்லை. ஆப்பிரிக்கச் செய்தியின் வரலாறே அவ்வினாவைச் சுற்றி அமைந்த வரலாறு எனலாம்.

பழைய இதழ்கள் காக்கப்பட்ட கதை நீண்டது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகங்கள் பல ஒன்றுகூடி, சிகாகோ நகரை நிலைக்களமாகக் கொண்டு, ஆப்பிரிக்க இதழ்களையும் ஆவணங்களையும் நுண்படச் சுருள்களில் பதிவு செய்யும் கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. தாள் பழுத்து உதிர்வதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அத்தகைய சுருள்களே கணிப்பொறிக்குள் ஏற்றப்பட்டன. படத்திலுள்ள எழுத்தைப் பொறி தானே படித்துச் சொல்லாக்குகின்றது. மங்கிய எழுத்தையும் மடிப்பில் சிதைந்த எழுத்தையும் அது தவறாகவே படிக்கின்றது. ஏட்டை எழுதினவனுடைய பிழையால் பாடபேதம் தோன்றியது போலவே இதுவும். உ.வே.சா. கண்ட இடர் உருமாறிப் பொறிக்குள்ளும் புகுந்துகொண்டது.

தென்னாப்பிரிக்காவின் முதல் செய்தித்தாள் 1800 ஆகஸ்டு 16 அன்று கேப் டவுனில், ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலுமாக வெளிவந்தது. அதை அச்சிட்ட வாக்கர், ராபர்ட்சன் ஆகிய இருவரும் வணிகர்கள். அடிமை வாணிகமும் அவர்களது தொழிலே. ஆகவே அவ்விதழில் கப்பல் வரவு, அரசாணை, திராட்சை மது விற்பனை ஆகியவற்றோடு மனிதர் விற்பனை அறிவிப்பும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருமாறு வேண்டும் விளம்பரமும் அருகருகே இடம்பெற்றதில் வியப்பில்லை. இங்கே ‘மனிதன்’ என்று தேடிப் பயனில்லை. ‘அடிமை’, ‘ஏலம்’, ‘ஓடிப்போனவன்’ ஆகிய சொற்களே கதவைத் திறப்பன. விற்றவனுடைய சொல்லைக் கடன் வாங்கினாலன்றி விற்கப்பட்டவனைக் காண இயலாது.

கேப் நாட்டு அடிமைகளுக்குச் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. மாதத்தின் பெயரோ, உரோமானியக் கதைப்பெயரோ, விவிலியப் பெயரோ சூட்டப்பட்டது. ‘செப்டம்பர்’, ‘குபிடோ’ என்பன போன்ற அப்பெயர்களுக்குப் பின்னே மொசாம்பிக், மலபார், வங்காளம், பட்டேவியா என்று வந்த இடம் ஒட்டப்பட்டது. ‘கரையைச் சேர்ந்தவன்’ என்று மட்டும் குறிக்கப்பட்டவர் பலர். அக்கரை சோழமண்டலக் கரை. டச்சுக்காரர் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். 1659–61 காலத்துப் போரிலும் பஞ்சத்திலும் தஞ்சை நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டுக் கடல் கடந்தனர். ‘தமிழர்’ என்ற சொல்லை இட்டு அவர்களைத் தேடினால் வெறுந்திரையே எஞ்சும். ‘கரை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்தம் ஊரும் மொழியும் உறவும் புதைந்து கிடக்கின்றன. கேப் நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் நீங்கியது 1834 டிசம்பர் 1 அன்று.

ஆப்பிரிக்கர் தம் மொழியில் செய்தி படிக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இன்றைய நைஜீரியாவின் அபேகுட்டா நகரில் 1859இல் ஹென்றி டவுன்சென்ட் என்னும் பாதிரியார் யொரூபா மொழியில் ‘இவெ இரோஹின்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1867இல் ஐரோப்பியர் அந்நகரைவிட்டு வெளியேற்றப்பட்டதோடு அதுவும் நின்றது. தெற்கே 1884 நவம்பரில் ஜான் டெங்கோ ஜபாவு ‘இம்வோ ஸபன்சுண்டு’ என்ற இதழை நிறுவினார். கறுப்பின மக்களின் கருத்து என்பது அப்பெயரின் பொருள். கோசா மொழியும் ஆங்கிலமும் கலந்து வந்த அவ்விதழே தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் செய்தித்தாள்.

கோசா முதலிய பாண்டு மொழிகளில் தேடுவோருக்கு ஓர் இடர் உண்டு. இலக்கணம் அறிந்தோர்க்கு அது சுவையாகவும் இருக்கும். தமிழில் சொல்லின் கடைசி மாறும். மரம் என்பது மரத்தை, மரத்தில் என்றாகும். பாண்டு மொழிகளிலோ சொல்லின் முதலே மாறுகின்றது. ‘உம்ந்து’ என்றால் மனிதன், ‘அபந்து’ என்றால் மனிதர். ‘உம்ஹ்லபா’ என்றால் நிலம். ‘நிலத்தில்’ என்று சொல்ல வேண்டுமாயின் அது ‘எம்ஹ்லபேனி’ என்று முன்னும் பின்னும் உருமாறும். ஆங்கிலத்துக்கென வகுத்த தேடுமுறை சொல்லின் தலையைப் பற்றிக்கொண்டு வாலை விட்டுவிடுவது. தலையே மாறும் மொழியில் அது திகைத்து நிற்கின்றது. ‘உம்ஹ்லபா’ என்று மட்டும் இட்டவருக்கு நிலத்தில் வாழ்ந்தவர் கிட்டார்.

இது வெறும் இலக்கண நயமன்று. 1913இல் தென்னாப்பிரிக்க அரசு இயற்றிய நிலச்சட்டம், நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு ஏறத்தாழ 7 விழுக்காட்டு நிலத்தையே ஒதுக்கியது. நிலம் இழந்த குடும்பங்கள் ஆடுமாடுகளோடு வழிகளில் அலைந்ததை நேரில் சென்று கண்டு எழுதியவர் சால் பிளாட்ஜி. கிம்பர்லி நகரிலிருந்து ‘ட்ஸாலா எயா பாதோ’ என்ற இதழை ட்ஸ்வானா மொழியிலும் ஆங்கிலத்திலும் அவர் நடத்திவந்தார். 1916இல் அத்துயரை ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ட்ஸ்வானாவில் பெயர்த்து 1930இல் அச்சேற்றிய மொழிவல்லாரும் அவரே. ஆங்கிலத்தில் ‘நிலச்சட்டம்’ என்று தேடினால் நாடாளுமன்ற உரைகள் குவியும். வெளியேற்றப்பட்டவர் தம் நிலத்தை எவ்வாறு அழைத்தனர் என்பதை அறிய அவர்தம் மொழிக்குள் நுழையத்தான் வேண்டும். அதே நாட்டில், டர்பனில், 1903இல் தொடங்கிய காந்தியடிகளின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ தமிழ்ப் பகுதியோடு வெளிவந்ததும், 1908இல் பி.எஸ். ஐயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் ‘ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்’ இதழை நிறுவியதும் இவ்வரலாற்றின் கிளைகளே.

விடுதலைக்குப் பிறகு சிக்கல் வேறு வடிவம் கொண்டது. கானா விடுதலை பெற்றது 1957 மார்ச்சு 6 அன்று. அதற்கு முந்திய நாளே அந்நாட்டுச் செய்தி நிறுவனம் தொடங்கப்பட்டது என்பது புதிய நாடுகள் செய்திக்குக் கொடுத்த மதிப்பைக் காட்டும். ஆயினும் அக்ராவில் நடந்ததை நைரோபி மக்கள் இலண்டன் வழியாகவோ பாரிசு வழியாகவோதான் அறிந்தனர். அந்நிலையை மாற்ற ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1979இல் நிறுவிய ‘பானா’ என்னும் செய்தி முகமை, 1983 மே மாதத்தில் டாக்கர் நகரிலிருந்து இயங்கத் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது. நாட்டு அரசுகளின் முகமைகள் அனுப்பியதையே அது பெரிதும் ஏந்திச் சென்றதால், அமைச்சர் திறந்துவைத்த விழாக்கள் மிகுந்தன. மக்கள் குரல் மெலிந்தது.

மறுபுறம் 1973இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் என்னும் ஊரில், ஆப்பிரிக்கச் செய்திகளுக்கென ஒரு சிறு நிறுவனம் தோன்றியது. ரீட் கிரேமர், தமேலா ஹல்ட்மன் முதலியோர் நடத்திய அது செய்தி மடலாக வளர்ந்து, 1990களில் இணையத்தை அடைந்து, பானாவில் பணியாற்றிய செனகல் நாட்டு அமடூ மாட்டார் பாவும் இணைய, 2000ஆம் ஆண்டில் ‘ஆல் ஆப்பிரிக்கா’ என்று பெயர் பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க இதழ்களின், முகமைகளின் செய்திகளை அது ஒருங்கே தொகுத்துவருகிறது. ஆப்பிரிக்க இதழாளர் எழுதியதையே ஆப்பிரிக்கர் படிக்க வழி பிறந்தது பெரும்பேறு. ஆனால் அக்களஞ்சியத்தின் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆகும். அபேகுட்டாவில் 1859இலேயே அச்சேறிய யொரூபாவுக்கு அங்கே இருக்கை இல்லை.

ஊர்ப்பெயர்களும் தேடுவோரைச் சோதிப்பன. லொரென்சோ மார்க்கெசு 1976இல் மாபுட்டோ ஆயிற்று. சாலிசுபரி 1982இல் ஹராரே ஆயிற்று. சயீர் என்ற பெயர் 1971 முதல் 1997 வரையே வாழ்ந்தது. மேல் வோல்ட்டா 1984இல் நாட்டு மொழிகள் இரண்டின் சொற்களை இணைத்துப் புர்க்கினா பாசோ என்று தன்னை அழைத்துக்கொண்டது. நேர்மையாளர் நாடு என்பது பொருள். புதுப்பெயரை மட்டும் அறிந்தவருக்கு 1983ஆம் ஆண்டு வரை அந்நாடு இருந்ததாகவே தோன்றாது.

சொவெட்டோவின் செய்தி இன்னும் நுட்பமானது. 1976 சூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்சு மொழி பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர் ஊர்வலம் சென்றனர். காவலர் சுட்டதில் 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன் மாண்டான். அவனை ஓர் இளைஞன் கைகளில் ஏந்தி ஓட, தமக்கை அலறியபடி உடன் ஓடும் காட்சியைச் சாம் நிசிமா படம் எடுத்தார். ‘தி வேர்ல்ட்’ இதழ் அதை வெளியிட்டது. 1977 அக்டோபர் 19 அன்று அவ்விதழ் தடை செய்யப்பட்டது. ஆசிரியர் பெர்சி கொபோசா சிறையிடப்பட்டார். இன்று ‘எழுச்சி’ என்று போற்றப்படும் அந்நிகழ்ச்சியை அன்றைய அரசும் வெள்ளையர் இதழ்களும் ‘கலகம்’ என்றே எழுதின. எழுச்சி என்று தேடுவோர் பிற்கால நினைவுக் கட்டுரைகளைக் காண்பர். கலகம் என்று தேடுவோரே அந்த நாளைக் காண்பர்.

அச்சிறுவனின் பெயரும் பல எழுத்துக்கூட்டலில் வழங்கிற்று. குடும்பத்தின் இயற்பெயர் பிட்சோ. இனவொதுக்கல் சட்டத்தின்கீழ்க் ‘கலப்பினத்தவர்’ என்று கொள்ளப்பட்டால் வாழ்க்கை சற்றே எளிதாகும் என்பதற்காக அவர்கள் பீட்டர்சன் என்று மாற்றிக்கொண்டனர். இதனை அச்சுப்பிழை என்றோ பாடபேதம் என்றோ ஒதுக்கிவிட இயலாது. ஒரு குடும்பம் தன் பெயரைக் கொடுத்து வாங்கிய சலுகை அது. அதுவும் மகனைக் காக்கவில்லை.

ருவாண்டாவில் சொல்லே கருவியாயிற்று. 1993 சூலையில் தொடங்கிய ‘ஆர்.டி.எல்.எம்.’ வானொலி, பெரும்பாலும் கிண்யருவாண்டா மொழியில் பேசிற்று. டூட்சி மக்களை அது ‘இன்யென்சி’ என்றது. கரப்பான்பூச்சிகள் என்பது பொருள். கொல்லுதலை ‘வேலை செய்தல்’ என்று சுட்டிற்று. 1994 ஏப்ரல் 7 முதல் ஏறத்தாழ நூறு நாள்களில் 8,00,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அந்நாள்களில் வெளியுலக இதழ்களோ ‘குழப்பம்’, ‘இனக்குழுப் பூசல்’ என்று எழுதிக்கொண்டிருந்தன. அமெரிக்க அரசுப் பேச்சாளர்கள் ‘இனப்படுகொலை’ என்று சொல்லக் கூசி ‘இனப்படுகொலைச் செயல்கள்’ என்று தொடரை நீட்டினர். நடந்தவன் ‘வேலை’ என்கிறான். பார்த்தவன் ‘குழப்பம்’ என்கிறான். உரிய சொல்லை இட்டுத் தேடுபவருக்கு இரண்டுமே தென்படா. ஒலிப்பதிவுகள் பெயர்க்கப்பட்டு அருஷா நகரில் அமைந்த அனைத்துலக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 2003 டிசம்பர் 3 அன்று வந்த தீர்ப்பில் அவ்வானொலியை நடத்தியோர் இருவரும் ‘கங்குரா’ இதழின் ஆசிரியரும் தண்டனை பெற்றனர். கவிஞர் உவமையை அறிவர். ஓர் உவமை நீதிமன்றத்தில் சான்றாக நின்ற வழக்கு அது.

இறுதியாக மொசாம்பிக்கின் கார்லோசு கார்டோசோ. இதழாளர், கவிதையும் எழுதியவர். 1980களில் அரசுச் செய்தி முகமையின் இயக்குநராக இருந்தார். அதைவிட்டு நீங்கிய பின், அச்சுக்கூடமோ பெருமுதலோ இல்லாமல் செய்தித்தாள் நடத்த ஒரு வழி கண்டார். 1992இல் ‘மீடியாபாக்ஸ்’ என்ற இதழ் தொலைநகல் வழியாக நாள்தோறும் சந்தாதாரரை அடைந்தது. பின்னர் ‘மெட்டிகால்’ என்ற இதழை அதே முறையில் தாமே நடத்தினார். வங்கி ஒன்றில் 1 கோடியே 40 இலட்சம் டாலர் சுருட்டப்பட்டதை அவர் விடாது எழுதிவந்தார். 2000 நவம்பர் 22 மாலை, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் மாபுட்டோ வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் நாள்தோறும் எழுதியது போர்த்துகீசிய மொழியில். ஆங்கில, பிரெஞ்சுக் களஞ்சியத்தில் அவர் பெயரை இட்டால் வருவன, பெரும்பாலும் அவரைப் பற்றிப் பிறர் எழுதியவையே: கொலைச் செய்தி, இரங்கல், வழக்கு விசாரணை, கொலையாளிகளில் ஒருவன் சிறையிலிருந்து தப்பியது, 2003 சனவரி 31 அன்று அறுவருக்குத் தண்டனை விதித்த தீர்ப்பு. அச்செய்திகளில் பலவற்றை நாள் தவறாமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது, ஒரு காலத்தில் அவர் தலைமை தாங்கிய அதே முகமை.