பாட்டியின் பாட்டு, பேரனின் கணக்கு

காரைக்கால் பீச்சுக்குப் போயிருக்கிறீர்களா? அரசலாறு வந்து கடலில் சேருகிற இடம். அடுத்த முறை போனால் 'எஞ்ஜாய் எஞ்சாமி' பாட்டை அங்கே உட்கார்ந்து ஒரு தரம் கேளுங்கள். ஏன் அங்கே போய் என்கிறீர்களா? சொல்கிறேன்.

1739-லிருந்து 1954 வரை அது பிரெஞ்சுக்காரன் ஊர். 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அப்புறம் கரும்பை யார் வெட்டுவது? ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் தஞ்சாவூர் கிராமங்களுக்குள் புகுந்தார்கள். கடனிலும் பஞ்சத்திலும் கிடந்தவர்களுக்கு ஆசை காட்டினார்கள். எல்லையைத் தாண்டினால் காரைக்கால். ஒரு காகிதம், ஒரு கைநாட்டு, ஐந்து வருஷ ஒப்பந்தம். கப்பல் ரீயூனியனுக்கோ மார்த்தினிக்குக்கோ குவாதலூப்புக்கோ போகும். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டா விரலை வைத்தார்கள்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பாதை வேறு. அங்கே கூட்டிப்போனவர் கங்காணி. போன ஆள் மட்டும் ஒரே ஆள்தான்: நிலம் இல்லாத தமிழ்க் கூலி. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஜனங்களை யாராவது கேட்டார்களா? ம்ஹூம்.

அந்தத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாட்டியின் பேரன்தான் ராப் பாடகர் அறிவு. அரக்கோணத்துப் பையன். 2018 ஜனவரியில் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் மேடையேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ஒருவராக வந்தார். 2019-இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்'. திருக்குறளுக்குப் பக்கத்தில் தெருவை நிறுத்திய அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். அப்புறம் சினிமா, 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு'.

2021 மார்ச்சில் பாதை மாறியது. தனிக் கலைஞர்களுக்காக, ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு தொடங்கிய மாஜா நிறுவனம் 'எஞ்ஜாய் எஞ்சாமி'யை வெளியிட்டது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன் என்றும் வரிகள் அறிவு என்றும் போட்டிருந்தது. பாட்டிக் கதைதான் பாட்டு. யூடியூபில் மட்டும் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள்.

அங்கேதான் வில்லங்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவைக் காணோம்! இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு அரங்கேறியது. மெட்டும் சொல்லும் தன்னுடையவை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்று எழுதினார் அறிவு. மெட்டமைத்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் பதில் சொன்னார் சந்தோஷ் நாராயணன்.

சமம் சரி, எவ்வளவு? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே கணக்கைச் சொன்னார். மூன்று வருஷத்தில் ஒரு பைசா வரவில்லையாம்! மாஜா தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? கைநாட்டையும் இந்த ஒப்பந்தத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். அறிவு படித்தவர், தன் பெயருக்காகச் சண்டை போடத் தெரிந்தவர். ஆனா பாருங்க, பாடுபட்டவர் ஒரு பக்கம், கணக்குப் புத்தகம் வேறொரு பக்கம். காரைக்கால் கரையில் இது புதுசா என்ன?

அதே 2024-இல் அறிவின் தனி ஆல்பம் வந்தது. இந்த முறை முத்திரை டெஃப் ஜாம் இந்தியா. 1984-இல் நியூயார்க்கில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் அறையில் பிறந்த ராப் கம்பெனியின் இந்தியக் கிளை. ஆல்பத்தின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயர் முன்னால் நிற்கிறது, பேரன் பின்னால்.