மக்கள் வாக்கும் நீதியாசனமும்: நியூ யோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் வரலாறு

நீதிபதியொருவர் தமது ஆசனத்தை யார் கையிலிருந்து பெறுதல் வேண்டும் என்பது அரசியல் நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்று. அரசன் கையிலிருந்து பெற்றவர் அரசனுக்கு அஞ்சலாம். சட்டசபையின் கையிலிருந்து பெற்றவர் சட்டசபைக்கு அஞ்சலாம். மக்கள் கையிலிருந்து பெற்றவர் மக்களுக்கே அஞ்சலாம். எவருக்கும் அஞ்சாது துலாக்கோல் போல் நிற்கவேண்டிய ஒருவரை எவரைக் கொண்டு அமர்த்துவது? நியமன முறையே வழக்காகவுள்ள நாடுகளில் வாழ்வோர்க்கு, நீதிபதியும் ஓர் அபேட்சகராக நின்று வாக்குப் பெற்று ஆசனமேறுதல் விந்தையாகத் தோன்றும். ஆயின் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் இஃது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அது தோன்றிய காரணத்தையும், நடந்த வகையையும், மக்களே அதனைக் கைவிட நேர்ந்த சூழலையும் ஒருங்கே காட்டவல்லது நியூ யோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்ற வரலாறு. அம்மாநிலத்தில் ‘சுப்பிரீம் கோடு’ எனப்படுவது முதல் விசாரணை நடாத்தும் மன்றமாகும். முடிந்த முடிபு கூறும் உச்ச மன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றமே. இப்பெயர் வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வருவன மயக்கந் தரும்.

இங்கிலாந்திலே ஸ்டுவர்ட் அரசர்கள் தமக்கு இணங்காத நீதிபதிகளை விரும்பியவாறு விலக்கினர். அக்கேட்டினை ஒழிப்பதற்கு 1701 ஆம் ஆண்டின் முடியுரிமைச் சட்டம் வகை செய்தது. நல்லொழுக்கத்தோடு இருக்குங்காறும் நீதிபதி பதவியில் இருப்பார். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் வேண்டினாலன்றி விலக்கப்படார் என்பது அதன் விதி. குடியேற்ற நாடுகளுக்கோ இக்காப்புக் கிட்டவில்லை. நீதிபதிகளின் பதவிக்காலமும் சம்பளமும் மன்னனின் விருப்பத்தையே சார்ந்திருந்தமை, 1776 ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்திலே குறைகளுள் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. எனினும் சுதந்திரம் பெற்ற பதின்மூன்று மாநிலங்களும் தம் உயர் நீதிபதிகளை மக்கள் வாக்கினால் தெரிய முற்படவில்லை. ஆளுநரோ சட்டசபையோ நியமிக்கும் முறையையே மேற்கொண்டன.

நியூ யோர்க்கின் 1777 ஆம் ஆண்டு யாப்பு, ஆளுநரும் செனற்றர் நால்வரும் அடங்கிய நியமன சபை ஒன்றை அமைத்து, நீதிபதிகள் முதலாகப் பல்வகை உத்தியோகத்தரையும் நியமிக்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தது. நாளடைவில் அச்சபை கட்சிக்காரர்க்குப் பதவி பங்கிடும் பண்டகசாலையாயிற்று. 1821 இல் அஃது ஒழிக்கப்பட்டு, உயர் நீதிபதிகளைச் செனற் சபையின் இணக்கத்தோடு ஆளுநர் நியமிக்கும் முறை வந்தது. இவற்றினும் விந்தை யாதெனில், அக்காலத்து உச்ச நீதிமன்றத்தில் செனற்றர்களே பெரும்பான்மையோராக வீற்றிருந்தமையாகும். சட்டம் இயற்றியோரே அச்சட்டத்தின் மீதான இறுதி வழக்கையுங் கேட்டனர்.

நீதிபதித் தெரிவு, கற்றறியா மக்களின் ஆரவாரத்தாற் பிறந்தது என்று கருதுவாருளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. மிசிசிப்பி மாநிலம் 1832 இல் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்கள் தெரிவுக்கு விட்டபோது அதைப் பின்பற்றியோர் மிகச் சிலரே. 1837 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியே நிலைமையை மாற்றிற்று. கால்வாய்களுக்கும் புகையிரதப் பாதைகளுக்குமாகச் சட்டசபைகள் அளவின்றிக் கடன்பட்டிருந்தன. அச்சுமை குடிகள் மீது விழுந்தது. சட்டசபையைக் கட்டுப்படுத்த வல்ல நீதிமன்றம் வேண்டுமாயின், அந்நீதிமன்றம் சட்டசபைக்கோ ஆளுநருக்கோ கடமைப்பட்டிருத்தல் ஆகாது என்பதை யாப்பு வகுத்தோர் உணர்ந்தனர். எனவே நியூ யோர்க்கின் 1846 ஆம் ஆண்டு யாப்பு இரு காரியங்களைச் செய்தது: அரசு கடன்படும் உரிமைக்கு எல்லை வகுத்தது, நீதிபதிகளைத் தெரியும் உரிமையை மக்களிடம் கொடுத்தது. இவ்விரண்டும் ஒரே நோக்கத்தின் இரு கூறுகளாம்.

புதிதாக அமைந்த மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எண்மர் இருந்தனர். நால்வர் மாநில முழுவதும் நடந்த வாக்கெடுப்பினால் எட்டாண்டுக்குத் தெரியப்பட்டோர். ஏனைய நால்வர் சுப்பிரீம் கோட்டிலிருந்து முறைமாறி வருவோர். முதல் தெரிவு 1847 இல் நடந்தது. யாப்பு வகுத்தோர் விரும்பிய பயன் விரைவிற் கிட்டியது. 1851 இல் கால்வாய் வேலைகளுக்கென ஒன்பது மில்லியன் டொலர் திரட்டுவதற்குச் சட்டசபை இயற்றிய சட்டம், கடன் எல்லையை மீறியது என 1852 இல் அந்நீதிமன்றத்தாற் செல்லாததாக்கப்பட்டது. மக்கள் தெரிந்த நீதிபதிகள், மக்கள் தெரிந்த சட்டசபையைத் தடுத்து நிறுத்தினர்.

ஆயின் மக்கள் வாக்களிக்குமுன் அபேட்சகரைத் தெரிபவர் யார் என்னும் வினா ஒன்றுண்டு. அதற்கு விடை கட்சித்தலைவர் என்பதே. நியூ யோர்க் நகரில் ‘தமனி மண்டபம்’ எனப்பட்ட கட்சி நிலையத்தை வில்லியம் துவீட் ஆட்டிப்படைத்த நாட்களில், நகரத்துச் சுப்பிரீம் கோட்டு நீதிபதிகள் சிலர் அவர் சொற்கேட்டு நடந்தனர். 1868 இல் ஈரி புகையிரதக் கம்பெனியைக் கைப்பற்றச் செல்வர் இரு சாரார் போரிட்டபோது, ஒருவரையொருவர் மறுக்கும் தடைக்கட்டளைகள் நீதிமன்றங்களிலிருந்து புறப்பட்டமை நாடறிந்த செய்தி. இவ்விழிவைக் கண்ட வழக்கறிஞர்கள் 1870 இல் தமக்கென நகரச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1872 இல் ஜோர்ஜ் பார்ணாட், ஜோன் மக்கன் என்னும் இரு நீதிபதிகள் பதவியினின்றும் நீக்கப்பட்டனர். மூன்றாமவராகிய அல்பேட் கார்டோசோ குற்றச்சாட்டு முற்றுமுன் தாமே விலகினார். இம்மூவரும் மக்கள் வாக்கினால் ஆசனமேறியோரே.

இதற்கிடையே மேன்முறையீட்டு நீதிமன்றம் 1869 இல் திருத்தியமைக்கப்பட்டது. தலைமை நீதிபதி ஒருவரும் துணை நீதிபதிகள் அறுவருமாக எழுவர். பதவிக்காலம் பதினான்கு ஆண்டு. 1870 இல் நடந்த தெரிவிலே துணை நீதிபதிகள் அறுவருக்கும் ஒருவர் வாக்களித்தல் இயலாது; நால்வருக்கே வாக்களிக்கலாம். எனவே சிறுபான்மைக் கட்சியும் இரு ஆசனங்கள் பெற்றது. நியமன முறைக்கு மீள்வதா என்னும் வினா 1873 இல் மக்கள்முன் வைக்கப்பட்டது. துவீட் காலத்து இழிவு மறையுமுன்னரே கேட்கப்பட்டும், மக்கள் பெரும்பான்மையாக ‘வேண்டாம்’ என்றனர். தம் கையிலுள்ள உரிமையை ஆளுநர் கையிற் கொடுக்க அவர்கள் ஒருப்படவில்லை.

பின்வந்த நூறாண்டில் உச்ச மன்றத்தின் புகழ் ஓங்கியது. தந்தையின் விலகலின்போது இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த பெஞ்சமின் கார்டோசோ, 1913 இல் தமனிக்கெதிரான கூட்டணியின் அபேட்சகராக நின்று, தந்தை இழந்த அதே சுப்பிரீம் கோட்டுக்குத் தெரியப்பட்டார். அடுத்த ஆண்டே மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் பணியாற்ற அழைக்கப்பட்டு, 1917 இல் முழுத் தவணைக்கும், 1926 இல் தலைமைப் பதவிக்கும் மக்களாற் தெரியப்பட்டார். 1916 இல் அவர் எழுதிய தீர்ப்பொன்று, பழுதுற்ற மோட்டார் வண்டியைச் செய்த கம்பெனி, தன்னோடு நேரே உடன்படிக்கை செய்யாத பாவனையாளருக்கும் பொறுப்புடையது என நிலைநாட்டிற்று. 1932 இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, இன்றளவும் சட்ட மாணவர் கற்கும் தீர்ப்பொன்றில், அதனை எடுத்தாண்டது. ஒரே தெரிவுமுறை தந்தையையும் தந்தது, மகனையும் தந்தது.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? குணவேறுபாடு ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் அமைப்பிலும் காரணமுண்டு. உச்ச மன்றத்து நீதிபதிக்குப் பதினான்கு ஆண்டுத் தவணை கிட்டியது. மேலும் இரு பெருங் கட்சிகளும் பலமுறை ஒரே அபேட்சகரையே நிறுத்தின. சேவையால் மூத்த நீதிபதியையே தலைமைக்கு உயர்த்துதலும் சம்பிரதாயமாயிற்று. 1917 இலும் 1926 இலும் கார்டோசோவை இரு கட்சிகளும் ஆதரித்தன. அஃதாவது, தெரிவு பெரும்பாலும் பெயரளவினதாயிருந்த காலத்திலேயே அது நன்கு நடந்தது!

1970 ஆம் ஆண்டுகளில் அச்சம்பிரதாயம் முறிந்தது. 1972 இல் மூன்று ஆசனங்களுக்குக் கட்சிகள் கடும் போட்டியிட்டன. மறு ஆண்டில், மூத்த நீதிபதியான சார்ள்ஸ் பிரைற்றெலை எதிர்த்து, முன்னர் நீதிபதியாயிராத வழக்கறிஞர் யேக்கப் பூக்ஸ்பேர்க் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1974 இல் அவரே துணை நீதிபதியாக வென்றார். அம்மன்றத்தில் நியமனம் பெற்றிருந்த முதற் கறுப்பின நீதிபதியாகிய ஹரல்ட் ஸ்ரீவன்ஸ் அத்தெரிவிலே தோல்வியுற்றார். பணமும் விளம்பரமும் நீதியாசனத்தை நிருணயிக்கத் தொடங்கியமை கண்டு பலர் கவன்றனர். 1977 இல் யாப்புத் திருத்தம் மக்கள்முன் வைக்கப்பட்டது. 1873 இல் மறுத்ததை மக்கள் இம்முறை ஏற்றனர்.

புதிய முறை வருமாறு: பன்னிருவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று உண்டு. நால்வரை ஆளுநரும், நால்வரைத் தலைமை நீதிபதியும், எஞ்சிய நால்வரைச் சட்டசபைத் தலைவர் நால்வர் ஒவ்வொருவராகவும் நியமிப்பர். அக்குழு தக்கோர் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கும். ஆளுநர் அப்பட்டியலுள் ஒருவரையே தெரிதல் வேண்டும். செனற் சபை அதனை ஏற்றல் வேண்டும். பதினான்கு ஆண்டுத் தவணை மாறவில்லை. 1983 இல் ஜூடித் கே அம்மையார் அம்மன்றத்தின் முதற் பெண் நீதிபதியானார். நூற்றுமுப்பது ஆண்டுத் தெரிவுமுறை ஒரு பெண்ணையேனும் அங்கு அமர்த்தவில்லை என்பது சிந்தித்தற்குரியது.

இதனால் அரசியல் அகன்றுவிட்டது என்று கொள்ளுதல் தவறு. 2023 இல் ஆளுநர் முன்மொழிந்த தலைமை நீதிபதியைச் செனற் சபை நிராகரித்தது; புதிய முறையில் அதுவே முதல் நிராகரிப்பு. நகரத்துச் சுப்பிரீம் கோட்டு நீதிபதிகளோ இன்றும் கட்சி மாநாடுகளால் நிறுத்தப்பட்டு வாக்கினாலேயே தெரியப்படுகின்றனர்.

பிற மாநிலங்கள் வேறு வழிகளை நாடின. மிசூரி 1940 இல் ஓர் இடைவழி கண்டது. ஆணைக்குழு பெயர் கொடுக்கும்; ஆளுநர் நியமிப்பார்; பின்னர் ‘இவர் நீடிக்கலாமா’ என்று மட்டும் மக்கள் கேட்கப்படுவர். எதிர் அபேட்சகர் இல்லை. இதுவும் முற்றான காப்பன்று. கலிபோர்ணியாவில் 1986 இல் மரணதண்டனைத் தீர்ப்புக்களின் காரணமாகத் தலைமை நீதிபதி உட்பட மூவரை மக்கள் விலக்கினர். நேரடித் தெரிவுள்ள மாநிலங்களின் நிலையோ இன்னுங் கடினம். 2025 இல் விஸ்கொன்சின் உச்ச நீதிமன்றத்தின் ஓர் ஆசனத்துக்கு ஒன்பது கோடி டொலருக்கு மேற் செலவாயிற்று. வட கரோலினாவில் 2024 இல் உச்ச நீதிமன்ற ஆசனமொன்று 734 வாக்குகளால் வெல்லப்பட்டது. தோற்றவர் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. அவர் தொடுத்த வழக்கை அவர்தம் சக நீதிபதிகளே ஒரு கட்டத்தில் விசாரிக்க நேர்ந்தது; ஆறு மாதங்களின் பின்னரே பிணக்குத் தீர்ந்தது.

இவற்றை ஒப்புநோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். நீதிபதி எவ்வாயிலாற் புகுந்தார் என்பதினும், புகுந்தபின் எவர் தயவில் நிற்கின்றார் என்பதே பெரிது. நீண்ட தவணை, மாறாச் சம்பளம், மீளத் தெரியப்படுவதற்காகக் கையேந்தாமை, விழிப்புள்ள வழக்கறிஞர் கூட்டம் ஆகிய இவையுள்ளவிடத்து, வாக்கினால் வந்தவரும் நடுநிலை நின்றார். இல்லாதவிடத்து, நியமனம் பெற்றவரும் வளைந்தார். 1846 இல் மக்கள் தம் வாக்கை எடுத்துக்கொண்டதும், 1977 இல் அதனை விட்டுக்கொடுத்ததும் ஒரே நோக்கத்துக்காகவே: நீதிபதியை அதிகாரமுடையோரின் பிடியினின்று விடுவித்தற்காக. முன்னையோர்க்கு அப்பிடி சட்டசபையினது. பின்னையோர்க்குக் கட்சியினதும் பணத்தினதும். பிடிக்கும் கை காலந்தோறும் மாறும். அக்கை இன்று எது என்று ஆராய்ந்தறிதலே ஒவ்வொரு தலைமுறையின் குடிமக்களுக்கும் உரிய கடமையாகும்.