நன்னகரமும் களைப்பயிரும்

நல்வாழ்வை மனிதன் தனித்து நின்று அடைய இயலுமா, அன்றி நல்லதோர் அரசின் குடிமகனாக இருந்தால்தான் அடைய இயலுமா? இவ்வினாவுக்கு இஸ்லாமிய மெய்யியலார் இருவர் அளித்த விடைகளை ஒரு சொல்லின் வரலாற்றிலேயே நாம் காண்கிறோம். 'நவாபித்' என்பது அச்சொல். விதைக்காமல் பயிரிடையே தாமே முளைப்பவை என்பது பொருள்.

அல்ஃபாராபி (மறைவு ஹிஜ்ரி 339 - கி.பி. 950) தம் நன்னகர நூலில், எவரும் தம் தேவைகள் அனைத்தையும் தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாது என்கிறார். ஆகவே 'ஸஆதா' எனும் பேரின்பம் கூட்டுறவினால்தான் கைகூடும். நன்னகரம் நலமுள்ள உடலை ஒத்தது. தலைவர் அதன் இதயம். செல்வம், சிற்றின்பம், புகழ், ஆதிக்கம் ஆகியவற்றையே இலக்காகக் கொண்டவை அறியாமை நகரங்கள். 'அஸ்ஸியாஸத்துல் மதனிய்யா' எனும் மற்றொரு நூலில், நன்னகரினுள் வாழ்ந்தும் நற்செயலைப் புகழுக்கும் பொருளுக்கும் கருவியாக்குவோரையும், சட்டம் வகுத்தவரின் சொல்லைத் திரிப்போரையும் கோதுமையிடையே முளைக்கும் களைக்கு ஒப்பிட்டு 'நவாபித்' என்றார்.

சுமார் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தலுஸின் இப்னு பாஜ்ஜா இதே சொல்லைத் தலைகீழாக்கினார். ஸரகுஸ்தாவில் முராபித்து ஆளுநருக்கு அமைச்சராக இருந்து ஆட்சியின் உள்ளும் புறமும் அறிந்தவர் அவர். அந்நகரம் கி.பி. 1118இல் அரகோன் மன்னரிடம் வீழ்ந்தது. 'தத்பீருல் முதவஹ்ஹித்' எனும் நூலில் அவர் கூறுவது இது: நன்னகரில் மருத்துவரும் நீதிபதியும் தேவைப்படார்; நம்மிடையே உள்ளவையோ குறையுற்ற நகரங்கள். அங்கே உண்மையான கருத்துடையவரே ஊரார் நடுவில் களையாக நிற்கிறார்.

அத்தகையவர் என் செய்வது? இயன்றவரை ஒதுங்கி வாழ்க என்பது இப்னு பாஜ்ஜாவின் விடை. ஆயினும் தனிமை இயல்பில் தீங்கானது என்பதை அவர் மறுக்கவில்லை. ரொட்டியும் இறைச்சியும் இயல்பான உணவு. அபினும் குமட்டிக்காயும் நஞ்சு. எனினும் நோயுற்ற உடலுக்கு அந்நஞ்சும் மருந்தாகலாம் என விளக்குகிறார்.

இவ்வுவமையை ஊன்றி நோக்குவோர், அவர் ஃபாராபியை மறுக்கவில்லை என்பதை உணர்வர். மருந்தை எவரும் வாழ்நாளெல்லாம் உணவாகக் கொள்வதில்லை. மேலும், நன்னகரம் தோன்றுவதற்கு இந்த 'நவாபித்'களே காரணமாவர் என்றும் அவர் எழுதியுள்ளார். சமூகத்தின் சீர்கேட்டைக் கண்டு ஒதுங்குவதையே நல்வாழ்வெனக் கருதுவோர்க்கு அவரிடம் சான்று கிடையாது. ஒருவர் ஒதுங்கியிருந்து பேணும் உண்மை, நாளை அமையவேண்டிய நகருக்கான விதை என்பதே நாம் அவரிடம் பெறும் பாடம்.