குடும்ப வன்முறைக்குப் பின் கிறித்தவ ஆற்றுப்படுத்தல்

வீட்டிற்குள் அடி, வசை, மிரட்டல், பணக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு ஆளானோரின் மனக்காயம் ஆறுவதற்குத் திருச்சபைகள் ஆற்றும் மேய்ப்புப்பணி. இறைவேண்டல், திருமறை வாசிப்பு, உளவள ஆலோசனை, அடைக்கலம் ஆகியன இதில் அடங்கும்.

வரலாறு: மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் திருமறை வசனமான எபேசியர் 5:22ஐ மட்டும் பிரித்தெடுத்து, மனைவியே பொறுத்துப்போக வேண்டும் என அறிவுறுத்துவது பல சபைகளில் நெடுங்கால வழக்கம். இதை மாற்ற, அமெரிக்கப் போதகர் மேரி ஃபார்ச்சூன் 1977இல் சியாட்டிலில் ஒரு மையம் தொடங்கினார். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1992இல் வெளியிட்டு 2002இல் திருத்திய அறிக்கை, வன்முறை நிறைந்த மணவாழ்வில் எவரும் நீடிக்கத் தேவையில்லை என்கிறது. உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து நேர்ந்தால் துணையைப் பிரிந்து வாழக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவும் இடமளிக்கிறது.

அணுகுமுறை: முதலில் பாதுகாப்பு, பின்னரே பிற யாவும். கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது ஆபத்தைக் கூட்டக்கூடும். மன்னிப்பு வேறு, மீண்டும் சேர்ந்து வாழ்வது வேறு. மன்னிக்கும்படி அவசரப்படுத்துவது குற்ற உணர்வையே வளர்க்கும். நெருங்கிய தோழனே பகைவனாகிப்போன வேதனையைக் கடவுளிடம் முறையிடும் 55ஆம் சங்கீதம், அடக்கிவைத்த கோபத்தையும் துயரையும் வாய்விட்டுச் சொல்ல உதவுகிறது. தேவைப்படுவோர் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர்.

இந்தியா: கிறித்தவப் பெண்கள் கொடுமையை மட்டுமே காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் உரிமையை 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின் 2001 திருத்தம் வழங்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும்.