ரத்தத்தில் சயனைடு இருக்கா? நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் 'கலர்' டெஸ்ட்... எப்படி வேலை செய்கிறது?

2024 டிசம்பர் 12-ம் தேதி இரவு திண்டுக்கல் திருச்சி சாலையில் உள்ள தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. சிறுமி உட்பட 6 பேர் உயிரிழந்தனர். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டனர். புகையில் மூச்சுத்திணறியதே காரணம் என முதற்கட்டத் தகவல்கள் கூறின.

புகைன்னா கார்பன் மோனாக்சைடு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். மெத்தை ஃபோம், நைலான், கம்பளி எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயுவும் வெளிவரும். திண்டுக்கல் விபத்துக்கு சயனைடு காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புகையில் சிக்கிய ஒருவரை வார்டுக்குக் கொண்டுவரும்போது, உடம்பில் சயனைடு ஏறியிருக்கிறதா என்று டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.

ஏன் அவ்வளவு அவசரம்?

சயனைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தையே பூட்டிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லுக்குப் பயன்படாது. தலைவலி, மயக்கம், வலிப்பு என வேறு பல நோய்களிலும் வரும் அறிகுறிகள்தான் தெரியும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். அந்த வாசனையை மரபணு காரணமாக சிலரால் உணரவே முடியாது. ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் நச்சு. 3 தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

2023 மே மாதம் தஞ்சாவூரில் டாஸ்மாக் பார் ஒன்றில் மது குடித்த இருவர் இறந்தார்கள். சில நாட்களுக்கு முன்புதான் மரக்காணத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்திருந்தது. அதனால் இதுவும் கள்ளச்சாராயமோ என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. சயனைடு என்று சொன்னது ஆய்வகப் பரிசோதனை. இரண்டுக்கும் மாற்று மருந்து வேறு வேறு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நிறம் எப்படி மாறுகிறது?

வைட்டமின் பி12-க்குள் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. சயனைடைக் கண்டால் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். பி12-ன் உறவுக்கார மூலக்கூறான கோபினமைடு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இரண்டு சயனைடு ஒட்டியதும் ஊதாவாகிவிடும். கண்ணாலேயே பார்க்கலாம். ஒளியளவைக் கருவி இருந்தால் அளவையும் சொல்லலாம்.

சிக்கல், ரத்தமே சிவப்பு! அந்தச் சிவப்பில் ஊதா தெரியாது. ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு வழி கண்டது. நீர்த்த ரத்தத்தில் பி12 வகை மூலக்கூறைச் சேர்த்து, சின்ன வடிகட்டிக் குழாய் வழியே விடுகிறார்கள். ரத்தத்தின் நிறம் கழுவிப் போய்விடும், ஊதா மட்டும் குழாயில் தங்கும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. ரத்தத்தில் அமிலம் சேர்த்து சயனைடை வாயுவாக வெளியேற்றி, அதைப் பிடித்து, ஒளிரும் சேர்மமாக மாற்றுகிறார்கள். சுமார் ஒரு நிமிடத்தில் முடிவு.

நம்ம ஊரிலேயே, சின்னாளப்பட்டி அருகிலுள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக வேதியியல் துறையினர், ஃபுளோரைடு, சயனைடு அயனிகளைக் கண்டதும் நிறம் மாறும் மூலக்கூறுகள் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கரைசலில் வேலை செய்வது ஒரு விஷயம், ரத்தத்தில் வேலை செய்வது இன்னொரு விஷயம்.

மாட்டுக்கும் இதே விஷம்

வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு திடீரென விழுந்து துடிக்கும். இளஞ்சோளத்தில் உள்ள 'துரின்' என்ற பொருள் சயனைடாக மாறுவதுதான் காரணம். தீவனத்தைச் சோதிக்க பிக்ரேட் தாள் முறை உண்டு. மஞ்சள் தாள் செங்கல் நிறமானால் சயனைடு இருக்கிறது.

டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் மாற்று மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 5 கிராம் ஹைட்ராக்சோகோபாலமின், நரம்பு வழியாக. இந்த மருந்தும் கரும் சிவப்பு. செலுத்தியபின் ரத்தம் எடுத்தால் நிறத்தை வைத்துச் சொல்லும் பல டெஸ்ட்கள் குழம்பிவிடும். எனவே மருந்துக்கு முன்பே ஒரு குழாய் ரத்தம் எடுத்து, இறுக மூடி, குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஆவியாகக்கூடிய விஷம் என்பதால் மூடி தளர்ந்தால் அளவு குறைந்து காட்டும்.